காவிரிக் கரையில் தொகை நுண்கணிதம்

தமிழ் பயில்வோர் ‘தொகை’ என்னும் சொல்லை எட்டுத்தொகையில் காண்பர். இலக்கண வகுப்பில் அதே சொல் வேற்றுமைத்தொகை, வினைத்தொகை என வரும். கடைவீதியிலோ கடன் தொகை, வட்டித் தொகை என்று வழங்கும். மேல்நிலை இரண்டாம் ஆண்டில் வணிகக் கணிதம் எடுக்கும் மாணவர்க்கு இச்சொல் ‘தொகை நுண்கணிதம்’ என்ற பெயரில் இன்னுமொரு முறை எதிர்ப்படுகிறது. முன்னைய இடங்களில் அஞ்சாத மாணவர் இவ்விடத்தில் அஞ்சுகின்றனர். கணக்கிலிருந்து விடுபடலாம் என்று எண்ணி வணிகவியலையோ பொருளியலையோ தேர்ந்தவர்கள் அவருள் பலர். அவர்கள் முன் இக்கணிதம் ஏன் வந்து நின்றது, எவ்வழியாக வந்தது, தமிழில் அதற்கு எத்தகைய இடம் அமைந்தது என்பவற்றைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கப் பகுதியை நடுவாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் பட்டதாரிகள் இருவர்

சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்ற 1857ஆம் ஆண்டிலேயே அதன் முதற் பி.ஏ. பட்டத்தைப் பெற்றவர் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாத பிள்ளை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சிட்டுத் தமிழுலகுக்கு அளித்ததை இலக்கிய அன்பர் அனைவரும் அறிவர். விசுவநாத பிள்ளை, பட்டம் பெறுவதற்கு முன்னரே, 1855இல் ‘வீசகணிதம்’ என்னும் இயற்கணித நூலைத் தமிழில் எழுதியவர் என்பதை அறிந்தோர் சிலரே.

ஒரே ஆண்டில் ஒரே பட்டம் பெற்ற இருவருள் ஒருவர் தொகை நூலைப் பதிப்பித்தார். ஒருவர் கணக்கு நூலை யாத்தார். இலக்கியத் தமிழும் கணிதத் தமிழும் அன்று ஒரே தலைமுறையின் இரு கைகளாக இயங்கின. பின்னர் ஒரு கை ஓங்கியது. மற்றொரு கை தளர்ந்தது. இப்பிரிவினால் விளைந்த இழப்பைக் கணித மாணவரைக் காட்டிலும் வணிகவியல், சமூக அறிவியல் மாணவரே மிகுதியாக ஏற்க நேர்ந்தது. கணித மாணவர்க்குக் குறியீடுகளே ஒரு மொழியாகி விடுகின்றன. ஏனையோர்க்குச் சொல்லின் துணையின்றிக் குறியீடு விளங்குவதில்லை.

சொல்லின் வரலாறு

1675ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், செருமானிய அறிஞர் லைப்னிட்சு தம் கையெழுத்துப் படியில் ஒரு புதிய குறியை இட்டார். ‘சும்மா’ என்னும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தை மேலும் கீழும் நீட்டி எழுதிய குறி அது. அவ்விலத்தீன் சொல்லுக்குக் கூட்டுத்தொகை என்பது பொருள். அளவற்ற நுண்பகுதிகளைக் கூட்டித் தொகை காணும் கணக்கு என்பதே அவர் கருத்து. பின்வந்த பெர்னூலி உடன்பிறப்பினர் ‘முழுமையாக்குதல்’ என்னும் பொருளுடைய வேறு பெயரை விரும்பினர். ஐரோப்பிய மொழிகளில் நிலைபெற்றது அப்பெயரே.

தமிழில் கலைச்சொல் ஆக்கியோர் ‘முழுமை’ என்னும் வழியே செல்லாமல் ‘தொகை’ என்றனர். முதல்வர் கருதிய பொருளுக்கு இதுவே நெருங்கியது. நுண்ணிதாகப் பகுத்துக் காண்பது வகை நுண்கணிதம். பகுத்தவற்றை மீளத் திரட்டுவது தொகை நுண்கணிதம். தொகுத்தல், வகுத்தல், விரித்தல் என்று நூல் செய்யும் முறைகளை வரையறுத்த மரபுக்கு இவ்விணை இயல்பாகப் பொருந்துகிறது. ஈழத்திலும் வகையீடு, தொகையீடு என்று இவ்வேர்களிலிருந்தே சொற்கள் அமைந்தன. கடல் இடையிட்ட இரு நிலத்துத் தமிழரும் ஒரே வேர்ச்சொல்லைக் கைக்கொண்டமை எண்ணி மகிழத்தக்கது.

விதியும் காரணமும்

காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம், வட்டத்தின் பரப்பைக் காண ஒரு விதி கூறுகிறது. சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் பரப்பு கிடைக்கும் என்பது அது. விதி பிழையற்றது. வட்டத்தை நடுவிலிருந்து மெல்லிய ஆப்புகளாகப் பிளந்து, ஒன்றை நிமிர்த்தும் ஒன்றைக் கவிழ்த்தும் அடுக்கினால், ஆப்புகள் மெலிய மெலிய அவ்வடுக்கு ஒரு செவ்வகத்தை நெருங்கும். அதன் நீளம் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. தொகை நுண்கணிதத்தின் உயிர்க்கருத்து இதனுள் அடங்கியுள்ளது. நிலம் அளப்போர்க்கு விதி போதுமானதாக இருந்தது.

காரணத்தை விரித்துரைத்த நூல் அண்டை நாட்டில் தோன்றியது. சங்கமக்கிராமத்து மாதவர் 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த கணித மரபில் வந்த ஜ்யேஷ்டதேவர், 1530ஆம் ஆண்டையொட்டி ‘யுக்திபாஷா’ என்னும் நூலை எழுதினார். எண்களின் வர்க்கங்களையும் கனங்களையும் அவற்றின் மேற்பட்ட அடுக்குகளையும் கூட்டும் வழியை அந்நூல் ‘சங்கலிதம்’ என்று பெயரிட்டு விளக்குகிறது. சங்கலிதம் என்பதும் தொகையே. கணித நூல்கள் வடமொழியில் எழுதப்பெற்ற காலத்தில் அந்நூலாசிரியர் மக்கள் பேசிய மலையாளத்தில், உரைநடையில், காரண காரியத்தோடு எழுதினார். தாய்மொழியில் உயர்கணிதம் இயலுமா என்னும் வினாவுக்கு, லைப்னிட்சின் குறி தோன்றுவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தென்னாட்டில் விடை எழுதப்பெற்று விட்டது.

திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகள்

ஐரோப்பிய முறையிலான நுண்கணிதம் இப்பகுதிக்குக் கல்லூரிகள் வழியே வந்தது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்ற தூய வளனார் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பெற்றது. தேசியக் கல்லூரி 1919லும், மகளிர்க்குரிய திருச்சிலுவைக் கல்லூரி 1923லும், சீதாலட்சுமி இராமசுவாமி கல்லூரி, ஜமால் முகமது கல்லூரி ஆகிய இரண்டும் 1951லும் தோன்றின. பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல் அமைந்தது. மலைக்கோட்டையைச் சுற்றி இத்துணைக் கல்லூரிகள் எழுந்தமையால் காவிரிப் படுகைச் சிற்றூர்ப் பிள்ளைகள் கல்வி நாடி வரும் நகராயிற்று இது.

பாரிசில் எலி கார்த்தான் என்னும் பெருங்கணித மேதையிடம் ஆய்வு செய்த சேசு சபைத் துறவி இராசீன் அடிகளார் 1937இல் இந்தியா வந்தபோது முதலில் பணியாற்றியது தூய வளனார் கல்லூரியில்தான். 1939இல் அவர் சென்னை இலயோலா கல்லூரிக்குச் சென்றார். 1950களின் தொடக்கத்தில் தூய வளனார் கல்லூரியில் கணிதம் கற்பித்த பேராசிரியர் ஒருவரை மாணவர்கள் ‘கால்குலஸ் சீனிவாசன்’ என்றே வழங்கினர். அவர் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்குப் பேராசிரியர் தோத்தாத்திரி ஐயங்கார் தனிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1952இல் அவர் இந்தியக் கணித மேதைகளைப் பற்றி ஆற்றிய உரையை, அன்று இயற்பியல் மாணவராக இருந்து கேட்ட அப்துல் கலாம் பிற்காலத்தில் பன்முறை நினைவுகூர்ந்துள்ளார்.

ஓர் ஆசிரியரின் பெயரோடு பாடத்தின் பெயர் ஒட்டிக்கொள்வது எளிதன்று. கம்பரில் தோய்ந்தவரைக் ‘கம்பன்’ அடைமொழியால் அழைக்கும் நாட்டில், நுண்கணிதத்திற்கும் அப்பெருமை ஒருமுறை கிட்டியது. ஆயினும் அவ்வகுப்புகள் அறிவியல் மாணவர்க்கு உரியனவாக இருந்தன.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்றும் இக்காவிரிக் கரையில் நடந்துள்ளது. கும்பகோணத்து இராமானுசன் கணிதத்தில் இணையற்றவராக இருந்தும் ஏனைய பாடங்களில் தவறியமையால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1907 வரை முயன்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. பிற பாடங்கள் கணித மேதையை வெளியே நிறுத்தின. பின்னாளில் கணிதம் பிற பாட மாணவரை வெளியே நிறுத்தலாயிற்று. இரண்டிடத்தும் குறை மாணவருடையது அன்று. ஒரு துறைக்கும் மறு துறைக்கும் இடையே பாலம் இல்லாமையே குறை.

வணிகத்துள் புகுந்த வரலாறு

தூய வளனார் கல்லூரி நாகையில் தோன்றிய அதே 1844இல், பிரெஞ்சுப் பொறியாளர் துப்புய் ஒரு வினாவை எழுப்பினார். ஒரு பாலத்தால் மக்கள் பெறும் நன்மையின் அளவு யாது? சுங்கமாகச் செலுத்தும் பணம் மட்டும் அந்நன்மை ஆகாது. மிகுதியாகத் தரவும் உடன்படுவோர் குறைவாகத் தந்து கடக்கின்றனரே. அவ்வேறுபாட்டைத் திரட்டிக் கூட்டவேண்டும் என்றார். கேம்பிரிட்சில் 1865ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்ற ஆல்பிரடு மார்சல், 1890இல் வெளியிட்ட பொருளியல் நூலில் இக்கருத்தை வளர்த்தார். இன்று வணிகக் கணித நூல்களில் ‘நுகர்வோர் உபரி’ என்று இடம்பெறுவது இதுவே. மார்சல் கணிதத்தை நூலின் பின்னிணைப்பில் ஒதுக்கி, உள்ளே தெளிந்த உரைநடையால் விளக்கினார் என்பது கருதத்தக்கது.

1897இல் அமெரிக்கப் பொருளியலார் இர்விங் பிசர் நுண்கணிதத்திற்கு ஒரு சிறு நூல் எழுதினார். பொருளியலும் புள்ளியியலும் பயில்வோர்க்கு உதவவே அதனை எழுதுவதாக நூலின் பெயரிலேயே குறித்தார். கலை மாணவர்க்கெனத் தனி நுண்கணித நூல் வேண்டும் என்னும் எண்ணத்தின் பழைமை இதனால் விளங்கும்.

இக்கணக்கைத் திருவரங்கத்துப் பூக்கடையை வைத்தும் விளக்கலாம். முதல் முழம் மல்லிகைக்கு 60 ரூபாய் வரை தருவதற்கு ஆள் உண்டு என்க. அடுத்தடுத்த முழத்திற்குத் தர விரும்பும் விலை முழத்திற்கு 2 ரூபாய் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. சந்தை விலை முழம் 20 ரூபாய் என்றால் 20 முழம் விற்கும். வாங்கியோர் தரத் துணிந்ததற்கும் தந்ததற்கும் உள்ள வேறுபாட்டை முழம் முழமாகக் கூட்டுவோம். ஒவ்வொரு முழத்திற்கும் அதன் தொடக்க விலையைக் கொண்டால் 420 ரூபாய் வரும். முடிவு விலையைக் கொண்டால் 380 வரும். முழத்தை விட்டுச் சாண் அளவில் கூட்டினால் அவ்விரண்டும் 410, 390 என்று நெருங்கும். விரற்கடை அளவில் கூட்டினால் இடைவெளி 2 ரூபாய்க்கும் கீழே இறங்கும். அளவு நுணுக நுணுக இருபுறமும் நெருங்கிச் சேரும் எண் 400. அந்த 400தான் தொகையீடு. முழத்திலிருந்து சாணுக்கும், சாணிலிருந்து விரலுக்கும் இறங்கத் தெரிந்தவர்க்கு இதன் கருத்து புதிதன்று. விலைக்கோடு நேராக இருப்பின் முக்கோணப் பரப்பைக் கொண்டே இவ்விடையைப் பெறலாம். கோடு வளையும்போதுதான் தொகை நுண்கணிதம் இன்றியமையாததாகிறது. மக்களின் விருப்பமோ நேர்கோட்டில் செல்வது அரிது.

நிலத்தின் பங்கு

சமூக அறிவியல் மாணவர்க்கு இக்கணிதம் வேறொரு வாயிலில் எதிர்ப்படுகிறது. ஓர் ஊரின் குடும்பங்களைக் குறைந்த நிலமுடையார் முதல் மிகுந்த நிலமுடையார் வரை வரிசையாக நிறுத்துக. அடியிலுள்ள பத்தில் ஒரு பங்குக் குடும்பங்களிடம் மொத்த நிலத்தில் எத்தனை பங்கு, பத்தில் இரு பங்கினரிடம் எத்தனை பங்கு என்று குறித்துக்கொண்டே சென்றால் ஒரு வளைகோடு கிடைக்கும். அமெரிக்கர் லோரன்சு 1905இல் தந்த கோடு அது. எல்லாரும் சமமாக உடையராயின் அது நேர்கோடாகும். ஏற்றத்தாழ்வு மிகுந்தால் கோடு கீழ்நோக்கித் தொய்யும். அத்தொய்வின் பரப்பைத் தொகையீட்டால் கண்டு, நேர்கோட்டின் கீழுள்ள முழுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது, இத்தாலியர் கினி 1912இல் வகுத்த கெழு. அதன் மதிப்பு சுழி எனின் முழுச் சமன்மை. ஒன்றை நெருங்க நெருங்க அனைத்தும் ஒருவரிடம் குவிகிறது என்பது பொருள்.

அடிமட்டப் பாதிக் குடும்பங்களிடம் நாலில் ஒரு பங்கு நிலம் இருக்குமாறு வர்க்க அளவில் வளையும் கோட்டுக்குக் கினிக் கெழு மூன்றில் ஒன்று. அவர்களிடம் எட்டில் ஒரு பங்கு மட்டும் இருக்குமாறு கன அளவில் வளையும் கோட்டுக்கு அது இரண்டில் ஒன்று. காவிரிப் படுகையில் நிலவுடைமை எத்துணைப் போராட்டங்களுக்குக் காரணமாயிற்று என்பதைக் கவிஞர்களும் கதைஞர்களும் எழுதியுள்ளனர். 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என வரம்பிட்டது. 1970இல் அது 15 தர ஏக்கராகக் குறைக்கப்பெற்றது. நாட்டின் முதல் வேளாண் கணக்கெடுப்பு 1970-71இல் நடந்தது. சட்டம் ஏற்றத்தாழ்வைக் குறைத்ததா, குறைத்ததெனில் எவ்வளவு என்று கேட்கும் மாணவர், இரு காலத்து வளைகோடுகளையும் வரைந்து இடைப்பட்ட பரப்பை அளந்தாக வேண்டும். உணர்ச்சியால் எழுப்பப்படும் வினாவுக்கு மறுக்கவியலாத விடை தரும் கருவி அது. அக்கருவியை அஞ்சி ஒதுக்கும் மாணவர், தம் ஊரின் நிலத்தைப் பற்றிப் பிறர் கூறும் கணக்கை நம்பியே வாழவேண்டியவராவார்.

ஆற்றின் கணக்கு

திருச்சிராப்பள்ளி மக்கள் தொகை நுண்கணிதத்தை அதன் பெயர் அறியாமலேயே நாள்தோறும் வாசித்து வருகின்றனர். மேட்டூருக்கு வரும் நீர் நொடிக்கு இத்தனை கன அடி என்பது நாளிதழ்ச் செய்தி. அணையின் இருப்பு இத்தனை டி.எம்.சி. என்பது அதற்கு அடுத்த வரி. முன்னது ஓட்டத்தின் வேகம். பின்னது அவ்வோட்டத்தின் தொகை. நொடிக்கு 1 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் 86,400 கன அடி சேரும். 100 கோடி கன அடி ஒரு டி.எம்.சி. ஆதலால், நொடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் 1 டி.எம்.சி. ஆகும். ஆறு ஒரே அளவில் ஓடுவதில்லை. காலையில் பெருகி மாலையில் வடியும் ஓட்டத்தைக் கணந்தோறும் கூட்டுவதே தொகையீடு.

1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; நீர்மட்டம் 120 அடி. ஆயினும் 60 அடியில் அணையில் பாதி நீர் இருப்பதில்லை. மேலே செல்லச் செல்ல நீர்ப்பரப்பு விரிகின்றது. ஒவ்வோர் அடியிலும் உள்ள பரப்பைத் திரட்டினாலன்றிக் கொள்ளளவு கிடைக்காது. திருவரங்கத்தில் 1987இல் முற்றுப்பெற்ற 13 நிலை இராசகோபுரம் மேலே செல்லச் செல்ல ஒடுங்குவது போல, அணையின் நீர் கீழே செல்லச் செல்ல ஒடுங்குகிறது.

காவிரி நடுவர் மன்றம் 1991இல் இடைக்காலமாக 205 டி.எம்.சி. என்றும், 2007இல் தமிழகத்தின் பங்கு 419 டி.எம்.சி. என்றும் கூறியதும், உச்ச நீதிமன்றம் 2018இல் அதனை 404.25 டி.எம்.சி. ஆக்கியதும் தொகையைப் பற்றிய வழக்குகளே. ஆயினும் நாற்றங்காலில் நிற்கும் உழவர்க்குத் தேவை ஆண்டுத் தொகை மட்டும் அன்று. எந்தத் திங்களில் எவ்வளவு ஓடியது என்பதே அவர்க்கு முதன்மை. ஒரே தொகையைத் தரும் ஓட்டங்கள் பலவாக இருத்தல் கூடும். தொகையிலிருந்து வகைக்கும், வகையிலிருந்து தொகைக்கும் மாறிச் சிந்திக்கத் தெரிந்த வணிக, சமூக அறிவியல் மாணவரே இவ்வேறுபாட்டை மக்களுக்கு எடுத்துரைக்க வல்லார்.

தமிழில் கற்றல்

1916இல் சேலத்தில் இராசாசியும் வேங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் கண்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்களை நூலாக வெளியிட்டது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் கலைப் பாடங்கள் தமிழில் கற்பிக்கப்பெறத் தொடங்கின. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிக்கான கணித, பொருளியல், வணிகவியல் நூல்கள் பலவற்றைத் தமிழில் வெளியிட்டது. மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கிய பின்னர் வணிகக் கணிதம் தமிழ் வழியில் ஊர்தோறும் சென்றது. 2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணித நூலில் தொகை நுண்கணிதம் இரு இயல்களாக விரிகிறது. இறுதிநிலைச் செலவிலிருந்து மொத்தச் செலவையும், இறுதிநிலை வருவாயிலிருந்து மொத்த வருவாயையும் காணும் முறையும், நுகர்வோர், உற்பத்தியாளர் உபரிகளும் அதில் தமிழில் உள்ளன.

எனவே, தமிழில் சொல் இல்லை என்னும் கூற்று பொருந்தாது. சொல் உண்டு. அச்சொல்லைச் சுற்றி வளரவேண்டிய உரைநடையே போதிய அளவு இல்லை. மேல்நிலையில் தமிழில் கற்ற மாணவர் கல்லூரிக்குள் நுழைந்ததும் ஆங்கில நூலைக் கைக்கொள்கிறார். அங்கே சூத்திரம் இருக்கிறது. அவர் அறிந்த பூக்கடையும் வயலும் ஆறும் இல்லை. எனவே சூத்திரத்தை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, விடுமுறையில் மறந்துவிடுகிறார். அவர் இழந்தது மதிப்பெண் அன்று; தம்மைச் சூழ்ந்த உலகை அளந்தறியும் ஓர் ஆற்றலை இழக்கிறார்.

விதியைச் சொன்ன கணக்கதிகாரமும் காரணத்தைச் சொன்ன யுக்திபாஷாவும் ஒருங்கே வேண்டும். கணிதம் அறிந்தோர் காரணத்தை அறிவர். அதனைக் கேட்போர் உளங்கொள்ள உரைக்கும் சொல்லாற்றல் இலக்கிய வாணரிடம் உள்ளது. தாமோதரம் பிள்ளையின் கையும் விசுவநாத பிள்ளையின் கையும் 1857இல் ஒரே பட்டத்தை ஏந்தின. வணிகமும் சமூக அறிவியலும் பயிலும் தமிழ் மாணவர்க்கென, முழத்தில் தொடங்கி விரற்கடைக்கு இறங்கி, நுகர்வோர் உபரியையும் நிலப் பங்கையும் ஆற்று நீரையும் தெளிந்த தமிழில் விளக்கும் நூலொன்றை, அவ்விரு கைகளும் மீண்டும் இணைந்து எழுதவேண்டும். கணித ஆசிரியரும் கவிஞரும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஓராண்டில் முடியக்கூடிய பணி அது.